றெயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே: கொழும்புக் கரையில் மணற்செடிகளைத் தேடி

வெள்ளி – வெள்ளவத்தையிலிருந்து காலிமுகத்திடல்

மணல்மேடு என்றால் நமக்கு வடமராட்சியின் மணற்காடு ஞாபகம் வரும். மன்னார் வரும். தெற்கே போய் வந்தவர்களுக்கு அம்பாந்தோட்டையும் புந்தலவும் வரும். கொழும்பு யாருக்கும் வராது. காற்று பலமாகவும் மழை குறைவாகவும் உள்ள வறண்ட கரைகளில்தான் மணல் பனை உயரத்துக்குக் குவிகிறது. இங்கே மழை அதிகம், மணல் ஈரம், காற்றால் தூக்கிப் போக முடிவது கொஞ்சம். ஆகவே மேற்குக் கரையின் மேடுகள் இடுப்பளவு, கூடிப்போனால் ஆளுயரம். உயரம் குறைவு என்பதற்காக அங்கே வளர்கிறவை குறைந்தவை ஆகிவிடாது. இந்த வாரம் நானும் மாமாவும் கரை வழியே நடந்து, அந்தச் செடிகளில் எவை எவை எங்கே மிச்சம் என்று பார்த்து எழுதப்போகிறோம். மாமா வடமராட்சியில் உயர்தர வகுப்புக்குத் தாவரவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மணலில் செடி தேடுவதில் அவருக்கு இருக்கிற பொறுமை எனக்கு இன்னும் வரவில்லை.

பின்னேரம் வெள்ளவத்தை வாய்க்கால் கடலில் விழும் இடத்தில் தொடங்கினோம். மரைன் டிரைவ் றோட்டு, அதற்கப்பால் றெயில் பாதை, அதற்கப்பால் கருங்கல் அணை, அப்புறம் நேரே தண்ணீர். 1870களில் கரையோர றெயில் பாதையைக் கடலுக்கு இவ்வளவு கிட்டப் போட்டபோதே இந்த நகரின் மணற்செடிகளுக்கு இருந்த இடம் பாதியாகிவிட்டது. மேடு என்பது முன்னும் பின்னும் நகரக்கூடியது. தென்மேற்குப் பருவக்காற்றில் கொஞ்சம் இழக்கும், அது ஓய்ந்ததும் சேர்க்கும். தண்டவாளம் நகராது. நகராத ஒன்றைக் காப்பாற்றக் கல் போட வேண்டும். கல் போட்டால் அலை அதில் மோதித் திரும்பும்போது முன்னால் கிடக்கிற மணலையும் இழுத்துக்கொண்டு போகும். வெள்ளவத்தைக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையில் இப்போது காண்பது இதைத்தான்.

கல்லிடுக்கில் இரண்டு மூன்று எருக்கலை, ஒரு சின்னப் பூவரசு. பம்பலப்பிட்டிக்குக் கிட்ட மணல் கொஞ்சம் ஒதுங்கிய ஒரு மூலையில் அடம்பன் கொடி ஒன்று, பாய் விரிக்கிற அளவு இடத்தில். மாமா குந்தியிருந்து அதன் கணுக்களை விரலால் தடவிப் பார்த்தார்.

காலிமுகத்திடலுக்குப் போய்ச் சேர இருட்டிவிட்டது. ஒல்லாந்தர் காலத்தில் கோட்டைப் பீரங்கிகளுக்குக் குறி மறையாமல் வெட்டவெளியாக வைத்திருந்த நிலம் இது. பிறகு ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் உலாவும் இடமாக்கத் தொடங்கி, 1859இல் வேலை முடிந்தது. எதிரே துறைமுக நகரம், 269 ஹெக்டயர், முழுவதும் கடலடியிலிருந்து அள்ளி நிரப்பிய மணல். நாட்டிலேயே ஒரே இடத்தில் இவ்வளவு மணல் வேறெங்கும் கொட்டப்பட்டிருக்காது. அதன் ஓரத்தில் ஒரு அடம்பன் கொடிக்காவது இடம் கொடுத்திருக்கிறார்களா என்று நாளைக்குப் பகலில் வந்து பார்க்க மாமா ஆசைப்பட்டார். நாளைக்கு நாங்கள் எதிர்ப்பக்கம் போகிறோம்.

சனி – தெகிவளை, கல்கிசை

காலையில் றெயிலில் தெகிவளை. ஸ்டேஷனில் இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டினால் மணல். இங்கேதான் முதன்முதலாக மேடு என்று சொல்லத்தக்க ஒன்று காலில் தட்டுப்பட்டது. முழங்கால் உயரம்தான். அதன் முகத்தில் அடம்பன் கொடி ஊதாப் பூவோடு படர்ந்து கிடந்தது. காலையிலேயே விரிந்து, வெயில் ஏறச் சுருங்கிவிடும் பூ. பார்க்க வேண்டுமென்றால் பத்து மணிக்கு முன் வரவேண்டும். நெய்தல் நிலப் பாட்டுகளில் வருகிற அடும்பு இதுதான்.

மாமா ஒரு கொடியைப் பிடித்து அதன் வழியே நடந்தார். நானும் பின்னால். பத்துப் பதினைந்து அடி போயும் முடியவில்லை.

"இதைப் பார் பிள்ளை. கணுவுக்குக் கணு வேர். ஒரு பக்கத்தைக் கடல் கொண்டுபோனாலும் மிச்சம் தனியாச் சீவிக்கும்."

மணல்மேடு உருவாகிற விதத்தை அவர் விளக்கிய மாதிரியே எழுதுகிறேன். காற்று மணலை நிலத்தோடு ஒட்டி உருட்டியும் துள்ளவைத்தும் கொண்டுவருகிறது. இலையும் தண்டும் குறுக்கே வந்தால் காற்றின் வேகம் அங்கே குறைகிறது. வேகம் குறைந்தால் மணலைச் சுமக்க முடியாது, போட்டுவிடும். கொடி புதைகிறது. வேறெந்தச் செடியும் இதில் செத்துவிடும். மணற்செடிகளோ புதையப் புதைய மேலே வளரும். புதிய தண்டு மறுபடி காற்றை மறிக்கும், மறுபடி மணல் விழும். இப்படியே மேடு எழும்புகிறது. அதாவது மணல் குவிந்த பிறகு செடி வந்து குடியேறவில்லை. செடிதான் மணலைக் குவிக்கிறது. செடியைப் பிடுங்கினால் மேடு அடுத்த காற்றிலேயே கலையத் தொடங்கும். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று நம் ஆட்கள் சொல்வதை ஒற்றுமைக்கு மட்டும்தான் இதுவரை கேட்டிருக்கிறேன். இன்று அது கண்முன்னே நடந்துகொண்டிருக்கிற வேலையாகத் தெரிந்தது.

உப்புக் காற்று, கொதிக்கிற மணல், குடிக்கத் தண்ணீர் இல்லை, சத்து இல்லை. இந்த இடத்தில் பிழைக்க ஒவ்வொன்றும் ஒரு வழி வைத்திருக்கிறது. அடம்பனின் இலை தடித்து மெழுகு பூசினது போல இருக்கும். அதன் விதை கடலில் மிதந்து வேறு தேசத்துக் கரையில் போய் முளைக்கும். எழுத்தாணிப்பூண்டு மணலோடு ஒட்டிக்கொண்டு ஓடி, கணுவுக்கொரு சிறு இலைக்கொத்து வைத்து நகர்கிறது. இதைக் கல்கிசைக்குப் போகிற வழியில் ஒரு இடத்தில் மட்டும் கண்டோம். இராவணன் மீசை என்கிற முட்புல் இங்கே கிடைக்கவில்லை. அதை நாளை மறுநாள் காணலாம் என்று மாமா நம்பிக்கையாகச் சொன்னார்.

கல்கிசையை அண்டினதும் நிலைமை மாறுகிறது. மேடு இருக்க வேண்டிய இடத்தில் கதிரைகள், மேசைகள், கூரைகள். அதற்குப் பின்னால், புதர் இருக்க வேண்டிய இடத்தில் விடுதிகள். முன்னால் கரை தட்டையாக, சுத்தமாக, ஒரு செடியும் இல்லாமல். சுற்றுலா வருகிறவர்களுக்கு வெறும் மணல்தான் பிடிக்கும் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். இரண்டு மூன்று விடுதிகளின் வாசலில் அழகுக்காக மஞ்சள் பூக்கொடி நட்டிருக்கிறார்கள். சிங்களத்தில் அருணதேவி என்கிறார்கள். அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்தது. ஒரு துண்டு முறிந்து விழுந்தாலே வேர்விட்டு நிலத்தை மூடிவிடும், அதன் கீழே வேறொன்றும் முளைக்க முடியாது. வேலியைத் தாண்டி மணலுக்குள் இறங்கத் தொடங்கிவிட்டது. அடம்பனைக் களையென்று பிடுங்கிய அதே இடத்தில் உண்மையான களையைத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

2020இல் இந்தக் கரைக்குக் கடலிலிருந்து மணல் இறைத்துக் கொட்டினார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வந்ததும் அதில் பெரும்பகுதி கரையை விட்டுப் போய்விட்டது என்று அப்போது பெரிய வாக்குவாதம் நடந்தது. கொட்டிய மணல் ஆழமில்லாக் கடலடியில் கிடந்து அலையின் வேகத்தைக் குறைக்கும், அதுவும் பலன்தான் என்று பொறியியலாளர்கள் சொன்னார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மேலே தங்கிய மணலைப் பிடித்து வைக்க, கொட்டின கையோடு செடி வைத்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மணலுக்குச் செலவழிக்கிற காசோடு பார்த்தால் அடம்பன் தண்டு நடுகிற செலவு ஒன்றுமே இல்லை.

ஞாயிறு – காக்கைத்தீவு, களனி கங்கை முகத்துவாரம்

மட்டக்குளிக்கு பஸ். இன்று செடிகளை விட மணலைப் பற்றித்தான் அதிகம் கேட்டோம்.

காக்கைத்தீவு கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் மாமாவைப் பார்த்ததும் பேச்சுக் கொடுத்தார். "ஐயா, எங்க அப்பா காலத்துல தோணி இழுத்து வைக்க இங்க எவ்வளவு இடம் இருந்துச்சு தெரியுமா? இப்ப ஆத்துல இருந்து மண்ணு வர்றதே இல்ல."

அவர் சொன்னது சரி. மேற்குக் கரைக்கு மணல் கொடுப்பது ஆறுகள்தான். களனி கங்கை மலையிலிருந்து கொண்டுவருகிற மணலை முகத்துவாரத்தில் கடலில் விடும். அலை அதைக் கரையோடு வடக்கே தள்ளித் தள்ளி நீர்கொழும்பு வரை பரப்பும். அந்த மணலை வழியிலேயே கட்டட வேலைக்கு அள்ளிக்கொள்கிறோம். பல வருடமாக அள்ளியதில் ஆற்றின் அடியே தாழ்ந்துபோய், வறட்சி நாட்களில் கடல்நீர் உள்ளே ஏறி வருகிறது. கொழும்புக்குக் குடிநீர் எடுக்கிற அம்பத்தலையில் உப்பைத் தடுக்க ஆற்றுக்குக் குறுக்கே தடுப்புப் போட வேண்டியிருந்ததும் இதனால்தான். வீடு கட்டுவதற்கு லொறியில் போகிற மணலும் இங்கே அடம்பன் வேர் பிடிக்க இடமில்லாமல் தவிப்பதும் ஒரே கதை.

செடியென்று பார்த்தால் இங்கே அடம்பன் நன்றாக இருக்கிறது. பூங்காவாகத் திருத்திய பகுதியில் புல்லும் தென்னையும். ஆற்றுப்பக்கம் ஒரு துண்டில் சங்கங்குப்பிப் புதரும் தாழையும் கலந்து நிற்கின்றன. குப்பையும் நிறைய. ஆறு கொண்டுவருவதெல்லாம் இங்கேதான் ஒதுங்குகிறது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நல்ல பிள்ளைகள். போத்தலோடு சேர்த்து காய்ந்த கடற்பாசியையும் மரக்குச்சியையும் வாரிப் பையில் போட்டபோது மாமா போய் மெதுவாகச் சொன்னார்: "பிளாஸ்டிக்கை எடுங்கோ பிள்ளையள், பாசியை விடுங்கோ. அதுதான் இந்த மணலுக்குப் பசளை." அலை ஏறி நின்ற கோட்டில் கிடக்கும் அந்தச் சருகில்தான் முதல் விதைகள் முளைக்கின்றன. ஈரமும் சத்தும் வேறெங்கே கிடைக்கும்? ஒரு பெண்பிள்ளை உடனே தன் பையைக் கவிழ்த்துக் குச்சிகளைத் தனியாகப் பிரித்துப் போட்டாள்.

திங்கள் – உஸ்வெட்டகெய்யாவ, சரக்குவ, பமுனுகம

கொழும்பு மாவட்ட எல்லையைத் தாண்டிவிட்டோம். ஆனாலும் கொழும்பு இழந்ததைப் பார்க்க இவ்வளவு கிட்ட வேறு இடமில்லை. களனிக்கு வடக்கே கடலுக்கும் முத்துராஜவெல சதுப்புக்கும் நடுவே ஒரு ஒடுங்கிய மணல் நாடா ஓடுகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஹமில்டன் கால்வாய், அதற்கப்பால் 3,000 ஹெக்டயருக்கு மேலான சதுப்பு. இந்த மணல் நாடா உடைந்தால் அந்தச் சதுப்புக்குள் கடல் புகும்.

சரக்குவவுக்குக் கிட்ட ஒரு இடத்தில் மாமா நின்றார். ஒன்றும் பேசவில்லை. கடலிலிருந்து உள்ளே பார்த்தபடி கையால் வரிசை காட்டினார்.

முதலில் அடம்பன், அதோடு பின்னிக்கொண்டு தடித்த காய் காய்க்கிற கடற்கரை அவரை. அதற்கு மேலே, மேட்டின் முகத்திலும் முதுகிலும், இராவணன் மீசை. ஊசி போலக் குத்துகிற இலை, வெளிறிய பச்சை, முழங்காலுக்கு மேல். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் விதைத்தலை பெரிய முட்பந்து. காய்ந்ததும் ஒடிந்து காற்றில் கரை நெடுக உருண்டோடி, விதைகளைச் சிந்திக்கொண்டே போகும். அன்றைக்கும் இரண்டு உருண்டன. மேட்டுக்குப் பின்னால், காற்று தணிகிற பள்ளத்தில், சிங்களத்தில் தக்கட என்கிற பாதிப்பூச் செடி: இதழெல்லாம் ஒரே பக்கத்தில், மறுபாதியைக் கிழித்தெடுத்தது போல. அதற்கும் பின்னால் தாழை, நாயுண்ணி கொஞ்சம், புன்னை, பூவரசு.

மூன்று பட்டைகள் – முன்னே கொடி, நடுவே புல், பின்னே புதரும் மரமும் – ஒன்றன்பின் ஒன்றாக, நூறடி தூரத்துக்குள். கொழும்பில் நாங்கள் பார்த்த இடங்களில் முதல் பட்டை மட்டும் துண்டு துண்டாக இருந்தது. நடுப்பட்டை எங்கும் இல்லை, பின்பட்டையில் மிச்சம் என்று சொல்லக் காக்கைத்தீவின் ஆற்றோரத் துண்டு மட்டும்.

எதைக் காப்பது முதலில் என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. இதைப் பற்றி மதியம் தென்னை நிழலில் சோற்றுப் பொதியைப் பிரித்து வைத்துக்கொண்டு நீண்ட நேரம் பேசினோம். இலங்கையின் பூக்கும் தாவரங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இந்தத் தீவுக்கே உரியவை. அவற்றில் பெரும்பாலானவை ஈரவலயக் காடுகளிலும் மலைநாட்டிலும் இருக்கின்றன. அருகிவரும் இனங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முன்னுரிமை கொடுத்தால் பணமும் கவனமும் அங்கே போகும். போகட்டும், அதில் பிழையில்லை. ஆனால் மணற்செடிகள் கடலில் மிதந்து பரவுகிறவை. அடம்பன் உலகம் முழுக்க வெப்பக் கரைகளில் இருக்கிறது. தாழையும் புன்னையும் தக்கடவும் இந்து சமுத்திரத்திலிருந்து பசிபிக் வரை உண்டு. ஆகவே ஒவ்வொரு இனமாகப் பார்க்கிற பட்டியலில் இவை எப்போதும் பத்திரமானவை என்றே நிற்கும். ஒரு கரையில் இருந்த மூன்று பட்டையும் அழிந்துபோனாலும் பட்டியலில் ஒரு எழுத்து மாறாது.

அதனால் இங்கே காக்க வேண்டியது இனத்தை அல்ல, வரிசையை. ஈர மணலிலிருந்து புதர் வரை உடையாமல் இருக்கிற ஒவ்வொரு துண்டையும். அதிலும் எனக்கு மிக அவசரமாகப் படுவது பின்பட்டை. முன்பட்டைக் கொடிகள் அடிபட்டாலும் ஒரு பருவத்தில் மீளும், அப்படிப் பழகியவை. பின்னாலுள்ள புதரும் மரமும் மீளப் பல வருடம் எடுக்கும், செடி வகைகள் அதிகம் இருப்பதும் அங்கேதான். விடுதி கட்ட, மதில் போட எல்லோரும் கேட்கிற நிலமும் அதுவே. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம் கரையிலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்கிறது. அந்த வலயத்துக்குள் வேலை செய்ய அனுமதி வேண்டும். அனுமதி கொடுக்கிறபோது கட்டடம் கடலுக்கு எத்தனை மீற்றர் என்று அளக்கிறார்கள். நடுவில் என்ன வளர்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

மேட்டின் பெறுமதிக்கு 2004 டிசம்பர் 26ஐ விடப் பெரிய சாட்சி தேவையில்லை. யால பக்கத்தில் கடற்காட்சிக்காக முன்னாலிருந்த மணல்மேட்டைக் கொஞ்சம் அகற்றியிருந்த ஒரு விடுதி முற்றாக அழிந்தது. பக்கத்திலேயே மேடு தொடாமல் கிடந்த இடத்தில் தண்ணீர் அந்தளவுக்கு உள்ளே வரவில்லை. அதற்குப் பிறகு கரையெங்கும் மரம் நடுகிற ஆர்வம் வந்தது. பெரும்பாலும் சவுக்கு. மாமாவுக்குச் சவுக்கு பற்றிச் சொல்ல நிறைய உண்டு. மணற்காட்டுச் சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். நிழல் தருகிறது, விறகு தருகிறது, உள்ளே ஊருக்குள் மணல் பறப்பதைக் குறைக்கிறது, அந்த நன்றியை அவர் மறக்கவில்லை. ஆனால் தோப்புக்கு அடியில் நடந்தால் காய்ந்த ஊசியிலை மெத்தை, அதன் கீழே ஒன்றும் முளைக்காது. மேட்டின் முகத்தில் அடம்பனும் இராவணன் மீசையும் செய்கிற வேலையை ஒரு மரத்தால் செய்ய முடியாது. மரம் வைக்க வேண்டுமென்றால் பின்னால் புன்னை, பூவரசு, தாழை வைக்கலாம். முன்னால் வெளியாக விட வேண்டும்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். இராவணன் மீசையின் தூரில் மணலைக் கிளறியபோது வெள்ளை மணிகள். பயறளவு, உருண்டை, சில கருகி மஞ்சளாகியவை. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்து, யூன் 2ஆம் திகதி மூழ்கத் தொடங்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் பிளாஸ்டிக். சுமார் 1,680 தொன் கடலில் கொட்டியது, இந்த வகையில் உலகம் கண்ட மிகப் பெரியது. சரக்குவ கரைதான் அன்று எல்லாப் படங்களிலும் வந்தது. பாதுகாப்பு உடையோடு மணலைச் சலித்துச் சலித்து எடுத்தார்கள். வெறும் மணலில் எடுப்பது ஒருவாறு முடிகிறது. செடிக்குள் புகுந்ததை எடுக்க வேண்டுமென்றால் செடியை அகற்ற வேண்டும், அகற்றினால் மேடு போகும். ஆகவே கையால் பொறுக்குவதுதான் வழி, மெதுவாக, ஆண்டுக்கணக்கில். மாமா ஒரு பழைய மாத்திரைப் போத்தலை எடுத்து அங்கேயே தொடங்கிவிட்டார். நானும் சேர்ந்துகொண்டேன்.

பமுனுகம வரை நடந்து பஸ் பிடித்தோம். வழியில் மேலும் நான்கைந்து இடத்தில் மேடு உண்டு. ஆனால் மூன்று பட்டையும் சேர்ந்து நிற்பது சரக்குவக்குக் கிட்டப் பார்த்த துண்டில் மட்டும். அதற்குப் பக்கத்துக் காணியில் புதிதாகக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள்.

செவ்வாய் – வெள்ளவத்தை

வெளியே போகவில்லை. சாப்பாட்டு மேசையில் படம் கீறினோம். முகத்துவாரத்திலிருந்து பமுனுகம வரை ஒரு நீளக் கோடு. எங்கே ஒரு பட்டை, எங்கே இரண்டு, எங்கே மூன்று என்று மூன்று நிறத்தில். தெகிவளைக் கரைக்கு இன்னொரு தாள்.

இவற்றோடு அந்தந்த ஊர்ச் சபைகளுக்கும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும் கடிதம் எழுதுகிறோம். கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கரை துப்புரவாக்கும் இயந்திரம் அலைக்கோட்டுக்குக் கீழேயே ஓடட்டும், மேட்டுப்பக்கம் கையால் மட்டும். மூன்று பட்டை உள்ள துண்டுக்குள் ஆட்கள் கண்டபடி நடந்து மிதிக்காமல் ஒரே ஒரு மரப்பலகைப் பாதையும் இருபுறம் கயிறும். விடுதிகளின் முகப்பில் அருணதேவிக்குப் பதிலாக அடம்பனும் தக்கடவும். புது வேலி போட்ட காணிக்கு அனுமதி இருக்கிறதா என்ற கேள்வியையும் தனியாக எழுதினேன்.

மாமா நாளை இரவு பஸ்ஸில் ஊருக்குப் போகிறார். மே மாதம் தென்மேற்குக் காற்று தொடங்கும். அதற்கு முன் தெகிவளை மேட்டின் உயரத்தை ஒரு தடியில் குறித்து வைத்துவிட்டு, ஒக்டோபரில் மறுபடி அளக்க வேண்டும் என்று வேலை கொடுத்திருக்கிறார். தெகிவளை, கல்கிசைப் பக்கம் இருக்கிற யாராவது சேர்ந்துகொள்வதானால் எழுதுங்கள். தடி, அளவு நாடா என்னிடம் இருக்கிறது. காலையில் பத்து மணிக்கு முன்னால் போவோம், பூவும் பார்க்கலாம்.